இரண்டாவது பிரேக் அக்கா

பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போதும் அக்கா பிரேக் போடுகிறார். கையில் ஊசியோடு டாக்டர் நெருங்க நெருங்க, நீட்டியிருக்கும் வலது கால் மெல்ல இறங்கி, இல்லாத ஒரு மிதியை அழுத்துகிறது. "வலிக்குதாம்மா?" என்றார் டாக்டர். வாயிலிருந்து பஞ்சை எடுத்த உடனே பதில் வந்தது: "வலியெல்லாம் இல்ல டாக்டர். நீங்க கொஞ்சம் வேகமா வர்றீங்க."

இருபத்தோரு வருடமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பள்ளி என்றதும் மணி, மைதானம் என்று கற்பனை செய்துவிட வேண்டாம். தெருவைப் பார்த்த ஒரு முன்னறை, ஒரு மேசை, சுவரில் சாலைக் குறிகளின் படம், வாசலில் ஒரு கார். ஆசிரியர் ஒருவர், வகுப்பறை ஒன்று. வகுப்பறைக்கு நான்கு சக்கரம். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே இத்தனை வருடமும் வாழ்ந்ததால், மாணவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'ரெண்டாவது பிரேக்'. முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவர் அக்காதான். எழுபது வயதுப் பெரியவர் ஒருவரும் அக்கா என்றே கூப்பிடுகிறார். அவரை ஒருமுறை பேருந்துக்கு அடியில் போகாமல் நிறுத்தியது இந்தக் கால்.

அக்காவால் உட்கார முடியாது. உட்கார்ந்தாலும், எழுந்துகொள்வதற்காகவே உட்கார்ந்தது போலிருக்கும். தொலைக்காட்சியில் யாராவது கோபமாகப் படியிறங்கினால் பிரேக். வீட்டுக்காரர் குழம்புக் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தால் பிரேக். மைத்துனி தொலைபேசியில் மூச்சு விடாமல் பேசினால் பிரேக்கோடு கிளட்சும் சேர்ந்துகொள்ளும். சோபாவுக்கு முன்னால் தரைவிரிப்பு ஒரே இடத்தில் நைந்து போயிருக்கிறது.

அவருடைய பாடமுறையில் மென்மைக்கு இடம் கிடையாது. "கண்ணாடியைப் பாரு, கண்ணாடியில உன்னைப் பாக்காத." "கியரு என்ன உன் மாமியார் கையா? பயப்படாமப் பிடி." "ஹாரன் அடிச்சா அவன் நகர மாட்டான், அவனுக்குக் காது கேக்குதுன்னு உனக்குத் தெரியும், அவ்வளவுதான்." திட்டு வாங்கியவர்கள் இவற்றையெல்லாம் வீட்டில் போய்ச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அடுத்த வாரம் தங்கள் தங்கையைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

காருக்கு வயது இருபத்து மூன்று. நிறம் என்ன என்று கேட்டால் "கழுவினா வெள்ளை" என்பார். உடம்பெங்கும் பள்ளம், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆள் உண்டு. பின்கதவுப் பள்ளம் ஒரு தலைமையாசிரியர். முன்பக்கக் கோணல் ஒரு புதுமணத் தம்பதி. இருவரும் ஒரே வாரத்தில், தனித்தனியே. விளக்குக்கு மேலே ஓடும் நீளமான கீறல் இப்போது வெளிநாட்டில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறது. "அது நல்ல கீறல். மாசா மாசம் போன் பண்ணி விசாரிக்கும்."

இந்தப் பள்ளியில் சேர்ந்தவர்களுக்கு எடுத்தவுடன் சாவி கிடைத்துவிடாது. முதலில் பானெட்டைத் தூக்க வேண்டும். எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவிப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரின் பக்கத்தில் இருக்கும் டப்பாவில் மேல்கோடு வரை தண்ணீர் நிற்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். "முதல்ல தண்ணி, அப்புறம் சாவி." மறந்தவர்கள் அன்றைக்கு வண்டியைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பிரசவத்துக்கு மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பிய முன்னாள் மாணவர் ஒருவர், அந்த அவசரத்திலும் பானெட்டைத் திறந்து பார்த்ததாகக் கேள்வி. அந்த அம்மாள் இன்றுவரை அக்காவோடு பேசுவதில்லை.

இப்படிப்பட்டவரின் காரில்தான், ஒரு சனிக்கிழமை, மேம்பாலத்தில் ஏறும்போது வெப்பம் காட்டும் முள் பாதியைத் தாண்டி மேலே போனது. பாலத்தை விட்டு இறங்கியதும் அதுவும் ஒன்றும் நடக்காதது போல இறங்கிவிட்டது. ஞாயிறன்று காலையில் அக்கா பானெட்டுக்குள் கையை விட்டார். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டி. ரேடியேட்டர் குழாய் தொளதொளவென்று இருக்க வேண்டும். கல் மாதிரி இருந்தது. உள்ளே போகக் கூடாத காற்று எங்கிருந்தோ போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அக்கா காலை உணவை நின்றுகொண்டே சாப்பிட்டார். எப்போதும் அப்படித்தான் என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

கவலைப்பட வேண்டிய காரணம் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. அக்காவின் ஆட்கள் ஐந்து பேர்: ஒரு நர்ஸ், ஒரு தையல்காரர், ஒரு வங்கிக் காசாளர், இரட்டையர் போலவே உடுத்தும் இரண்டு ஓரகத்திகள். மற்ற நால்வருக்கும் உரிமம் கிடைத்தால் சந்தோஷம். நர்ஸுக்கு அது வேலை. வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் பணி கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி, கையில் உரிமத்தோடு வந்தால் சேர்த்துக்கொள்வார்கள். ஏற்கெனவே இரண்டு முறை தேர்வில் தவறியவர். இந்த வெள்ளியை விட்டால் அடுத்த தேதிக்கு ஏழு வாரம். அத்தனை வாரம் அந்த வேலை காத்திருக்காது. "நீ பாஸ் பண்ணலேன்னா, நான் இதை விட்டுட்டு மூணு சக்கர சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுக்கப் போயிடறேன்," என்று அக்கா வாக்கு வேறு கொடுத்திருந்தார்.

திங்கட்கிழமை காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரருக்கும் பட்டப்பெயர் உண்டு: 'திறப்பு விழா'. எந்த வண்டி வந்தாலும் அவருக்குக் கை அரிக்கும். கதவு கிறீச்சிடுகிறது என்றாலும் இன்ஜினைத் திறந்து பார்த்துவிட்டால் நல்லது என்று நினைப்பவர்.

"ஹெட் கேஸ்கட்டுக்கா," என்றார், காரை நெருங்கும் முன்பே. "தொறந்து பாத்துடலாமா?"

"காய்ச்சல்னு வந்தவனை நேரா நெஞ்சைப் பொளந்து பாப்பியா தம்பி? நாக்கை நீட்டச் சொல்ல மாட்டியா?"

"வண்டிக்கு ஏதுக்கா நாக்கு?"

"அது எங்க இருக்குன்னு தெரிஞ்சவன்தான் மெக்கானிக்."

ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே நசுங்கிப் படுத்திருக்கும் ஒரு மெல்லிய தகடு. ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் எண்ணெய். மூன்றும் ஒன்றை ஒன்று சந்திக்காமல் பார்த்துக்கொள்வது அதன் உத்தியோகம். பெரிய குடும்பங்களில் இதே வேலையைச் செய்யும் நடு மருமகள்கள் உண்டு. அவர்களும் ஒருநாள் விட்டுக்கொடுக்கும்வரை அப்படி ஒருத்தி இருப்பதே வெளியில் தெரியாது. தகடு விட்டுக்கொடுத்தால் தண்ணீர் நெருப்புக்குள் போகும், நெருப்பின் காற்று தண்ணீருக்குள் வரும், இன்ஜின் கொதிக்கும். கவனிக்காமல் ஓட்டினால் தலை வளையும். அதற்கும் மேல் ஓட்டினால் தலையில் விரிசல் விழும். இருபத்து மூன்று வயது வண்டிக்கு யாரும் புதுத் தலை வாங்கி வைப்பதில்லை.

திறந்தால் நான்கு நாள். தலையைக் கடைசல் பட்டறைக்கு அனுப்ப வேண்டும், அங்கே வரிசை. நான்கு நாள் என்றால் வெள்ளிக்கிழமை போச்சு. திறக்காமலேயே நோய் இதுதானா என்று தெரிய வேண்டும். வேறு ஏதாவது சில்லறைக் கோளாறாக இருந்துவிட்டால் நர்ஸ் பிழைத்தார்.

"நானே பாத்துக்கறேன்," என்று வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார் அக்கா.

அந்தத் திங்களும் செவ்வாயும் பாடங்கள் வழக்கம்போல நடந்தன; மீதி நேரத்தில் வீடு ஓர் ஆய்வுக்கூடமாக இருந்தது. ரேடியேட்டர் விசிறி சுழல்கிறதா? சுழல்கிறது. மூடியின் ரப்பர் தேய்ந்ததா? இல்லை. பெல்ட் தளர்ந்ததா? இல்லை. மாலையில் சமையலறைக்குள் வந்த வீட்டுக்காரர், அடுப்பில் ஏதோ தளதளப்பதைப் பார்த்துத் தட்டைத் தூக்கினார். பித்தளையில் எலுமிச்சை அளவு ஒரு பொருள் கொதிநீரின் அடியில் கடகடவென்று ஆடியது.

"இன்னிக்கு என்ன?"

"தெர்மோஸ்டாட்."

"உப்பு போட்டியா?"

அக்கா அவரை நகர்த்திவிட்டுக் குனிந்தார். குளிர்ந்த தண்ணீரில் மூடியும் சூட்டில் திறந்தும் இன்ஜினுக்குள் தண்ணீரை ஓடவிடும் கதவு அது. இறுகிப்போனால் வண்டி சூடேறும். வெந்நீரில் அது மெல்ல வாய் திறந்தது. சரியாகத்தான் இருக்கிறது. "இதுவும் நல்லாருக்கு!" என்று அக்கா சொன்ன தொனி, வீட்டில் திருடு போன நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரன் நல்லவன் என்று தெரிந்துகொண்டவரின் தொனி.

கடைசியாகத் தண்ணீர். கேஸ்கட் ஒழுகினால் தண்ணீர் குறைந்தே தீர வேண்டும். திங்களன்று காலையிலேயே டப்பாவின் மேல் நகச்சாயத்தால் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தார். மாலையில் பார்த்தார்: கோட்டில் நின்றது. செவ்வாய் காலை: கோட்டில். செவ்வாய் மாலை: ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை. ஆனால் முள் மட்டும் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. ராத்திரி சாப்பாட்டின்போது அக்காவின் கால் மேசைக்கு அடியில் தாளம் போட்டது.

"தண்ணி குறையல. அப்ப கேஸ்கட் இல்ல. அப்ப ஏன் சூடேறுது?"

வீட்டுக்காரர் தண்ணீர் அளவைக் கணக்கெடுக்கும் உத்தியோகத்தில் இருப்பவர். வீடு வீடாகப் போய், தரையில் மண்டியிட்டு, மீட்டரின் மூடியைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொள்வது அவர் வேலை. மனைவியின் பேச்சில் குறுக்கே புகும் வாய்ப்பு வருடத்துக்கு இரண்டு முறை கிடைக்கும். அன்றைக்கு ஒன்றைப் பயன்படுத்தினார்.

"ஒரு வீட்டுல மீட்டர் ஓடவே ஓடாது. ஆனா தோட்டம் பச்சைப் பசேல்னு இருக்கும். அதுக்கு என்ன அர்த்தம்?"

"மீட்டர் கெட்டுப்போச்சு."

"நானும் முதல்ல அப்படித்தான் நினைப்பேன். வேற குழாய்ல இருந்து தண்ணி வருதுன்னு அர்த்தம்." சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்: "அந்த அஞ்சு பேருக்கும் முதல் பாடம் என்ன சொல்லிக்குடுத்த?"

மேசைக்கு அடியில் கால் நின்றது. இருபத்தோரு வருடத்தில் அக்காவை ஒருவர் பிரேக் போட்டு நிறுத்தியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

புதன் காலை ஐந்து பேரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். விசாரணை நடந்தது.

"டப்பால தண்ணி ஊத்தினியா?"

"கொஞ்சம்தான்க்கா," என்றார் தையல்காரர்.

"நீ?"

"கொஞ்சம்க்கா. கோடு வரைக்கும்," என்றார் காசாளர். "நீங்கதான சொன்னீங்க?"

ஓரகத்திகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இவ கொஞ்சம் ஊத்தினா, நான் மிச்சம் கொஞ்சம்."

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா, 'இதைப் போய் பெருமையாச் சொல்றியா, கடமைதான'ன்னு திட்டுவீங்க," என்றார் தையல்காரர். நியாயமான பதில். அக்கா அதே சொற்களில்தான் திட்டியிருப்பார்.

வீட்டுக்காரர் அளவு போட்ட ஒரு ஜாடியையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொருவராக வந்து, நேற்று ஊற்றிய 'கொஞ்ச'த்தை ஜாடியில் ஊற்றிக் காட்ட வேண்டும். தையல்காரரின் கொஞ்சம் நூற்றைம்பது மில்லி. அளவெடுத்துப் பழகிய கை. காசாளரின் கொஞ்சம் இருநூறு. ஓரகத்திகளின் கொஞ்சத்தை எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வந்து, முந்நூற்றில் சமாதானமானது. கடைசியாக நர்ஸ். அவர் ஜாடியைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

"சனிக்கிழமை நூத்தி இருபது. திங்கக்கிழமை இருநூறு. நேத்து இருநூத்தி அறுபது. மணியோட எழுதியிருக்கேன்க்கா."

"இதை எதுக்கு எழுதின?"

"பழக்கம். பேஷண்டுக்கு உள்ள போற தண்ணியையும் வெளிய வர்ற தண்ணியையும் எழுதுவோம்ல?" நர்ஸ் நோட்டின் இரண்டாவது பத்தியைக் காட்டினார். காலியாக இருந்தது. "உள்ள போனது இருக்கு. வெளிய வந்ததுதான் கண்டுபிடிக்க முடியல. தரையிலயும் ஈரம் இல்ல."

ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். தரையில் சொட்டு இல்லை, குழாயில் கசிவு இல்லை. அக்கா காரின் பின்பக்கம் போய்ப் புகைக்குழாயின் வாயில் விரலை விட்டுத் துடைத்து முகர்ந்தார். கரியோடு ஈரமும் ஒட்டியிருந்தது. பிறகு வண்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். நடந்தார், நடந்தார். ஐந்து பேரும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் களைத்துப்போனார்கள். தன் வண்டியின் நோய்க்குத் தானே சொல்லிக்கொடுத்த மருந்தை, தான் சொன்னபடியே, தனக்குத் தெரியாமல் ஐந்து பேர் ஊற்றிவந்திருக்கிறார்கள் என்பது ஓர் ஆசிரியருக்குக் கிடைக்கக்கூடிய விசித்திரமான வெற்றி. அக்கா அதைக் கொண்டாடும் நிலையில் இல்லை.

"பட்டறைக்கு விடு," என்றார் நர்ஸிடம். "மெதுவா."

பட்டறையில் திறப்பு விழா ஒரு கண்ணாடிக் குழலைக் கொண்டுவந்தார். உள்ளே நீல மருந்து, மேலே ரப்பர் பந்து. இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் வாயில் குழலை வைத்துப் பந்தை அமுக்கினால், தண்ணீரின் மேலிருக்கும் காற்று மருந்துக்குள் குமிழியிடும். அந்தக் காற்றில் நெருப்பின் புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

பந்தை அமுக்கினார். நீலம் நீலமாகவே இருந்தது. அக்கா மூச்சு விட்டார். மறுபடி அமுக்கினார். நீலம் பச்சையானது. பச்சை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மஞ்சளானது.

"இந்த மருந்து என்னிக்கு வாங்கினது?" என்றார் அக்கா.

"போன மாசம்க்கா."

"கெட்டுப்போயிருக்கும். அந்த வேன்ல வெச்சுப் பாரு."

புது மருந்து ஊற்றிப் பக்கத்தில் நின்ற ஆரோக்கியமான வேனில் வைத்துப் பார்த்தார்கள். நீலம். எத்தனை அமுக்கினாலும் நீலம். மறுபடி அக்காவின் காரில் வைத்தார்கள். இம்முறை யோசிக்கவே இல்லை, மஞ்சள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வைத்தார் திறப்பு விழா. மூன்று காவி படிந்து கிடந்தன. ஒன்று மட்டும் தேய்த்துக் கழுவினதுபோலப் பளபளத்தது. தண்ணீர் அந்தப் பிளக் இருந்த சிலிண்டருக்குள்தான் போய் ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

"எங்க வீட்ல இவ்வளவு சுத்தமா ஒரு டம்ளர் கிடையாது," என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

அப்போது நடந்ததுதான் அந்தப் பட்டறையின் வரலாற்றில் இல்லாத சம்பவம். திறப்பு விழா கையைத் துடைத்துக்கொண்டு, "இப்பத் தொறக்க வேணாம்க்கா," என்றார். "சின்ன ஒழுகல்தான். தண்ணி ஊத்தி ஊத்தி வெள்ளிக்கிழமையை ஓட்டிருங்க. டெஸ்ட் முடிச்சுட்டு வாங்க. பாவம், நர்ஸம்மா."

"தலை வளைஞ்சா?"

"வளைஞ்சா சீவிக்கலாம்."

"வெடிச்சா?"

திறப்பு விழா பளபளத்த பிளக்கை எடுத்து மறுபடி துடைத்தார்.

நர்ஸ் குறுக்கே வந்தார். "என்னால உங்க வண்டி போக வேணாம்க்கா. நான் அடுத்த தேதிக்குப் போறேன். வேற வேலை வராமலா இருக்கும்?"

"நீ சும்மா இரு." அக்கா மறுபடி நடந்தார். பட்டறை வாசல் வரை போவதும் திரும்புவதும். வெள்ளிக்கிழமை தேர்வுத் தளத்தில் ஒரு மேடு உண்டு. ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். முள் ஏறும் இடமும் அதுதான். ஐந்து பேர், ஐந்து ஏற்றம். வண்டி கொதித்து நிற்பதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. திரும்பி வந்து சொன்னார்: "வண்டி நின்னா, 'வண்டி ஃபெயில்'னு எழுத மாட்டான். 'நர்ஸ் ஃபெயில்'னுதான் எழுதுவான். தொறந்துடு தம்பி."

"அப்ப டெஸ்டுக்கு வண்டி?"

அக்கா அதற்குள் பட்டறை வாசலைத் தாண்டியிருந்தார்.

அதே தெருவில், எதிர்ச்சாரியில், இன்னொரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நடத்துபவர் 'ஏசி மாஸ்டர்'. கார் புதிது, உள்ளே குளுகுளுவென்று இருக்கும், மாணவர்களுக்கு வாசனைத் தாள் தருவார். பன்னிரண்டு வருடமாக அக்கா தன் வாசலில் நின்று, எதிர்வாசலுக்குக் கேட்கும் அளவில் சொல்லிவந்த வாசகம்: "அங்க சேந்தா ரெண்டு மாசத்துல நல்லா தூங்கக் கத்துக்கலாம்." அந்தச் சாலையைக் கடக்க அக்காவுக்கு அன்று எட்டு நிமிடமானது. வண்டிகள் வந்தபடி இருந்தன என்று பிறகு சொன்னார். அதே தெருவில் என் வாசலிலிருந்து நான் பார்த்தவரை இரண்டு சைக்கிள்கள் போயின.

"வாங்க டீச்சர், உக்காருங்க," என்றார் ஏசி மாஸ்டர். உள்ளே இருந்த மகிழ்ச்சியை மறைக்க ஒரு ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"உக்கார நேரமில்ல மாஸ்டர். நாளைக்கும் வெள்ளிக்கிழமையும் உங்க வண்டி வேணும்."

"உங்களுதுக்கு என்னாச்சு?"

"ஹெட் கேஸ்கட்."

புரட்டிய கை நின்றது. வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில சொற்களைக் கேட்டால் பகை மறந்துபோகும். "அடடா," என்றார், உண்மையாகவே. "எந்த சிலிண்டர்?"

"மூணாவது."

"எனக்கும் பழைய வண்டியில மூணாவதுதான்." சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஆனா டீச்சர், உங்க ஆளுங்க இரும்பு கிளட்சுல பழகினவங்க. என்னுது பஞ்சு. காலை வெச்ச உடனே பறக்கும்."

பறந்தது. வியாழன் முழுக்கத் தெரு அந்தக் காட்சியைக் கண்டது. அக்காவின் பழைய காரில் கிளட்சை மிதிக்க இடுப்பிலிருந்து பலம் வர வேண்டும். அந்தக் கால்களோடு இந்தக் காரில் ஏறியவர்கள் தவளை மாதிரி குதித்தார்கள், அணைந்தார்கள், மறுபடி குதித்தார்கள். நர்ஸ் மட்டும் ஏழு முறை அணைத்தார். எட்டாவது முறை ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"நீ ஊசி போடும்போது பேஷண்டைக் கடப்பாறையாலயா குத்துவ?"

"இல்லக்கா."

"குழந்தைக்கு எப்படிப் போடுவ?"

"மெதுவா... அதுக்குத் தெரியாம."

"அந்தக் காலை வெய்யி."

ஒன்பதாவது முறை கார் நகர்ந்தது தெரியாமல் நகர்ந்தது. அக்கா ஏசியை அணைத்தார். "தூக்கம் வருது," என்றார், யாரும் கேட்காமலே.

வெள்ளிக்கிழமை தேர்வுத் தளத்தின் வேலிக்கு வெளியே அக்கா நடந்துகொண்டிருந்தார். பயிற்சி தருபவர்கள் உள்ளே போகக் கூடாது. காசாளர் தேறினார். ஓரகத்திகளில் மூத்தவர் தேறினார், இளையவரும் தேறினார். இல்லாவிட்டால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்து அதிகாரியே அஞ்சியிருக்க வேண்டும். தையல்காரர் திரும்பும் இடத்தில் ஓரக்கல்லில் ஏறி இறங்கி, கம்பத்தையும் இடித்துவிட்டு, "அரை இஞ்ச்தான்க்கா," என்றபடி வந்தார். அப்போது தொலைபேசி ஒலித்தது. திறப்பு விழாவின் குரலில் அத்தனை ஆனந்தம்.

"தொறந்துட்டேன்க்கா! மூணாவது துளைக்குப் பக்கத்துல ஒரு முடி அளவு எரிஞ்சிருக்கு. தலை வளையல. ஆனா இன்னும் நாலு ஏத்தம் ஏத்தியிருந்தா..."

"அப்புறம் பேசறேன் தம்பி." உள்ளே, மேட்டின் நடுவில், கார் நின்றிருந்தது. நர்ஸ் உள்ளே. அணைந்துவிட்டது. ஒருமுறை அணையலாம் என்பது விதி. அக்கா வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இன்ஜின் உறுமியது. கார் ஒரு விரற்கடை பின்னால் உருண்டது போலிருந்தது, உருளவில்லை. பிறகு, யாருக்கும் தெரியாமல் ஊசி இறங்குவதுபோல, மேட்டில் ஏறி மறுபக்கம் மறைந்தது.

கையில் தாளோடு நர்ஸ் ஓடிவந்தார். கட்டிப்பிடித்தார். அழுதார். ஓரகத்திகளும் எதற்கோ அழுதார்கள். தேறியவர்கள் எல்லோரும் காரோடு நின்று படம் எடுத்துக்கொள்வது என்று முடிவானது. தேறாத தையல்காரரே படம் எடுக்க முன்வந்தார். அப்போதுதான் நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்: காரின் கூரைமேல் ஏசி மாஸ்டரின் பள்ளிப் பெயர்ப் பலகை. சட்டென்று தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தினார்.

"இப்ப வந்து நில்லுங்கக்கா. நம்ம வண்டி மாதிரியே இருக்கு."

தன் காரோடு கூடவே வந்து வேலியோரம் நின்ற ஏசி மாஸ்டர், வானத்தில் ஏதோ முக்கியமானதைக் கவனிக்க ஆரம்பித்தார்.

அக்கா காரின் அருகே வந்தார். கோட்டை உருவி நர்ஸின் தோளில் போட்டார். ஓரக்கல்லில் ஏறி இறங்கிய அதிர்வில் பலகை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. குதிகாலைத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து அதை நேராக்கினார். கைக்குட்டையால் எழுத்துகளின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். பிறகு, ஓர் எழுத்தும் மறையாத அளவுக்குத் தள்ளிப் போய் நின்றார்.